தாய்நாய் ஏன் குட்டிகளின் மலத்தைத் தின்கிறது?

ஒரு மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு நாட்டு நாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. பழைய கோணிச்சாக்கு ஒன்றை மடித்துப் போட்டதைத் தவிர நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை. முதல் இரண்டு வாரங்களில் என்னை மிகவும் வியக்க வைத்தது அந்தச் சாக்கின் தூய்மைதான். ஐந்து உயிர்கள் இரவும் பகலும் பால் குடிக்கின்றன. குடித்தது ஏதோ ஒரு வழியில் வெளியேறத்தான் வேண்டும். ஆனால் சாக்கில் ஈரமும் இல்லை, நாற்றமும் இல்லை. அருகில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் காரணம் தெரிந்தது. தாய் ஒரு குட்டியை மூக்கால் புரட்டி மல்லாக்கப் போட்டு, அடிவயிற்றிலிருந்து வால் வரை நாக்கை அழுத்தி நக்கியது. சில நொடிகளில் குட்டி சிறுநீர் கழித்தது. தொடர்ந்து அரைத்த கடுகு போன்ற மஞ்சள் நிறத்தில் சிறிதளவு மலம் வெளிவந்தது. அது சாக்கில் படுவதற்கு முன்பே தாய் அதை நக்கி விழுங்கிவிட்டு, அடுத்த குட்டியைப் புரட்டியது.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "பாவம், பசி தாங்காம பீயைத் திங்குது, ரெண்டு வேளை சோறு வையுங்க" என்றார். சோறு வைத்தோம்; தயிரும் முட்டையும் சேர்த்தே வைத்தோம். தாய் வயிறார உண்டது. உண்டு முடித்ததும் நேராகச் சாக்குக்குத் திரும்பி, ஐந்து குட்டிகளையும் வரிசையாக நக்கித் துடைத்து, வெளிவந்ததை எல்லாம் முன்போலவே விழுங்கியது. ஆகவே பசி இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்பது அன்றே எனக்குப் புரிந்தது. குட்டி போட்ட நாயை வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர் இதே காட்சியைக் கண்டு அருவருப்பு அடைகிறார்கள், அல்லது நாய்க்கு ஏதோ நோய் என்று அஞ்சுகிறார்கள். இரண்டுக்கும் தேவை இல்லை என்பதையும், உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலங்குகள் மலத்தை உண்பதை உயிரியலாளர்கள் கோப்ரோபேஜி என்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், தாய் தின்பதும் குட்டி தின்பதும் வளர்ந்த நாய் தின்பதும் வெவ்வேறு செயல்கள். மூன்றுக்கும் காரணங்கள் வேறு; கவலைப்பட வேண்டிய அளவும் வேறு. இவற்றைப் பிரித்தறிய மிக எளிய வழி நாள் கணக்குப் பார்ப்பதுதான். குட்டி பிறந்து எத்தனை நாள் ஆயிற்று, மலம் வெளியேறி எத்தனை நாள் ஆயிற்று என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் இந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதல் கணக்கிலிருந்து தொடங்குவோம். நாய் ஏறத்தாழ 63 நாட்கள் கருச்சுமந்து ஈனும் குட்டி, நாம் நினைப்பதை விட மிகவும் முதிராத நிலையில் பிறக்கிறது. அதன் கண்கள் திறக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். காது கேட்கத் தொடங்குவது அதற்கும் சற்றுப் பிறகு. வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க, முதல் வாரக் குட்டியின் வெப்பம் 35, 36 டிகிரி அளவிலேயே இருக்கும்; அதையும் தானாகக் காத்துக்கொள்ளும் ஆற்றல் குட்டிக்கு இல்லை. இந்தக் குறைகளோடு இன்னொன்றும் உண்டு: தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க அதனால் இயலாது. சிறுநீர்ப்பையையும் குடலின் கடைப்பகுதியையும் விருப்பப்படி இயக்கும் நரம்புகள் இன்னும் முதிர்ந்திருக்காது. பின்புறத்தின் தோலை ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள ஏதோ ஒன்று வருடினால் மட்டுமே, அந்தத் தொடுஉணர்வு தண்டுவடம் வரை சென்று திரும்பி, தசைகளைச் சுருக்கிக் கழிவை வெளியேற்றும். தும்மலைப் போன்ற ஓர் அனிச்சைச் செயல் இது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை குட்டியின் கழிவு வெளியேற்றம் இந்த அனிச்சையையே நம்பியிருக்கிறது.

இது ஒரு குறைபாடு போலத் தோன்றினாலும், இதனால் ஒரு நன்மை இருக்கிறது. தாய் உணவு தேடி வெளியே சென்றிருக்கும் நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் குட்டிகள் படுக்கையை நனைப்பதில்லை. தாய் திரும்பி வந்து நக்கும்போதுதான் வெளியேறுகிறது. வெளியேறிய நொடியிலேயே அகற்றப்பட்டும் விடுகிறது.

தாயை இழந்த குட்டிகளைத் தெருவிலிருந்து எடுத்து வளர்ப்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியதும் இதுவே. பெரும்பாலோர் பாலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அக்கவலை நியாயமானது, நாயின் பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு, ஆகவே குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை கண்விழித்துப் பால் கொடுத்தும், குட்டி வயிறு உப்பிக் கத்திக்கொண்டே இருப்பதைக் கண்டு திகைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறந்தது தாயின் நாக்கு செய்யும் வேலையை. ஒரு பஞ்சுத் துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, குட்டியின் அடிவயிற்றிலிருந்து பின்புறம் நோக்கி மென்மையாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் இதைச் செய்ய வேண்டும். பொறுமையாகத் துடைத்தால் சிறுநீர் சொட்டுவதைக் கையிலேயே உணரலாம். இதைச் செய்யத் தவறியதால் மட்டுமே இறந்துபோகும் குட்டிகள் உண்டு என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நக்குவதன் தேவை புரிகிறது. நக்கியதை ஏன் விழுங்க வேண்டும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. முதல் விடை மிகவும் சாதாரணமானது. நாய்க்குக் கை கிடையாது. அள்ளவும் துடைக்கவும் அகற்றவும் அதற்கு இருக்கும் ஒரே கருவி வாய்தான். ஈனும் நேரத்தில் பனிக்குடத்தைக் கிழிப்பதும், தொப்புள்கொடியைக் கடித்துத் துண்டிப்பதும், நஞ்சுக்கொடியைத் தின்று இடத்தைத் தூய்மை செய்வதும் அந்த வாய்தான். குட்டிகளின் கழிவை விழுங்குவது அந்த வேலையின் தொடர்ச்சியாகவே நடக்கிறது.

அடுத்தது வெப்பம். உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாத குட்டிக்கு ஈரப் படுக்கை உயிருக்கே ஆபத்து. குளிர்ந்துபோன குட்டியின் குடல் இயக்கம் தளர்ந்து, அது பால் குடிப்பதையே நிறுத்திவிடும். மூன்றாவது, ஈக்கள். நம் ஊர் வெப்பத்தில் மலம் கிடந்தால் சிறிது நேரத்தில் ஈ மொய்க்கும்; முட்டையிடும்; புழு வைக்கும். தொப்புள் காயம் ஆறாத குட்டிகளுக்கு அருகில் இதை அனுமதிக்கவே முடியாது.

நாய்களின் மூதாதையரான ஓநாய்களின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். வளைக்குள் குட்டிகளை விட்டுவிட்டுப் பெரியவை வேட்டைக்குச் செல்லும் விலங்கு அது. வளையிலிருந்து வீசும் மலநாற்றம் பிற கொன்றுண்ணிகளுக்கு வழிகாட்டிவிடும். இது நாய் இனத்துக்கு மட்டும் உரிய உத்தியும் இல்லை. மைனாவின் கூட்டைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: குஞ்சின் எச்சம் ஒரு மெல்லிய வெண்ணிறச் சவ்வுப் பையில் பொதிந்தபடி வெளிவரும், தாய்ப்பறவை அதை அலகால் கவ்வித் தொலைவில் கொண்டுபோய்ப் போடும். சில பறவைகள் அதை விழுங்கவும் செய்யும்.

தண்ணீர்க் கணக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். பாலில் பெரும்பகுதி நீர். ஐந்தாறு குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய், குட்டிகளை விட்டு நகர முடியாத முதல் நாட்களில், ஏராளமான நீரைப் பாலாக இழக்கிறது. எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள், குட்டிகளின் சிறுநீரை நக்குவதன் மூலம் தாய் எலி தான் பாலில் இழந்த நீரில் கணிசமான பகுதியைத் திரும்பப் பெறுகிறது என்பதைக் காட்டியிருக்கின்றன. இதே வழக்கமுடைய நாய்க்கும் அந்தப் பயன் கிடைக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

சரி, இதனால் தாய்க்குத் தீங்கு வராதா? பெரும்பாலும் வராது. முதல் மூன்று வாரங்களில் குட்டி உண்பது தாய்ப்பாலை மட்டுமே; அந்த மலத்தில் இருப்பது செரித்த பாலின் எச்சமும், பெரும்பாலும் தாயிடமிருந்தே குட்டிக்கு வந்த நுண்ணுயிர்களும்தான். கவனிக்க வேண்டியது குடற்புழு. நாய்களின் உருண்டைப்புழுவாகிய டாக்சோகாரா கேனிஸ், தாயின் தசைகளில் உறங்கும் இளம்புழுவாகத் தங்கியிருந்து, கருக்காலத்தின் கடைசி வாரங்களில் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் உடலுக்குள் சென்றுவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகச் செல்லும். ஆக, கண் திறக்கும் முன்பே பல குட்டிகளின் உடலில் புழு இருக்கிறது. மூன்று வாரம் கடந்ததும் குட்டியின் மலத்தில் உருண்டைப்புழுவின் முட்டைகள் தென்படத் தொடங்கும். சில சமயம் முதிராத புழுக்களும் வெளிவரும். அந்தப் புழுக்களைத் தாய் விழுங்கினால் தாயின் குடலில் புழு குடியேற வாய்ப்பு உண்டு. ஆகையால்தான் கால்நடை மருத்துவர்கள் குட்டிகளுக்கு 2, 4, 6, 8 ஆகிய வாரங்களில் பூச்சி மருந்து கொடுக்கும்போது தாய்க்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். "குட்டிக்குத்தானே புழு, தாய்க்கு எதற்கு" என்று மருந்துச் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் அதே புழுவை வீட்டுக்குள் சுற்றவிடுகிறார்கள்.

இங்கே இரண்டாவது நாள் கணக்கு வருகிறது. உருண்டைப்புழுவின் முட்டை வெளிவந்த உடனே நோய் பரப்பாது. அதற்குள் இளம்புழு உருவாக, மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து, வழக்கமாக இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். கொக்கிப்புழுவின் முட்டை பொரிந்து தொற்றும் நிலையை அடையவும் சில நாட்கள் ஆகும். புத்தம் புதிதாக வெளிவந்த மலத்தைத் தாய் விழுங்கும்போது அதிலிருக்கும் முட்டைகள் தொற்றும் நிலையில் இல்லை. அவை அதன் குடல் வழியாக அப்படியே கடந்து போய்விடும். அதே மலம் சாக்கிலேயே கிடந்திருந்தால், குட்டிகள் ஓடியாடி எதையும் வாயில் கவ்வும் வேளையில் முட்டைகள் முதிர்ந்து காத்திருக்கும். தாயின் பழக்கம் நோயின் கால அட்டவணையை முந்திக்கொள்கிறது.

இந்த வேலை தொடங்கிய நாள் போலவே முடியும் நாளும் ஏறக்குறைய வரையறுக்கப்பட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து பால்பற்கள் முளைக்கின்றன, குட்டிகள் நடக்கின்றன, படுத்திருக்கும் இடத்தை விட்டு விலகிச் சென்று கழிவை வெளியேற்ற முயல்கின்றன. எங்கள் வீட்டில் 24ஆம் நாள், செம்பழுப்பு நிறக் குட்டி ஒன்று சாக்கின் விளிம்பைத் தாண்டத் தெரியாமல் உருண்டு விழுந்து, எழுந்து, நான்கு அடி தள்ளாடி நடந்து, மணலில் குந்திச் சிறுநீர் கழித்தது. தாய் ஓடிவந்து முகர்ந்து பார்த்து அதன் பின்புறத்தை ஒருமுறை நக்கிவிட்டது, அவ்வளவே. குட்டிகள் சோறும் முட்டையும் தின்னத் தொடங்கியதும் அவற்றின் மலத்தின் நிறமும் மணமும் மாறின. தாயின் ஈடுபாடு நாளுக்கு நாள் குறைந்து, பால் மறக்கும் பருவத்தில் முற்றிலும் நின்றது. எட்டு வாரம் வரைகூடச் சில தாய்நாய்கள் இதைத் தொடர்வதுண்டு. அதிலும் கெடுதல் இல்லை. இந்தக் காலத்தில் தாயை விரட்டுவதும், அதட்டி அதன் வாயிலிருந்து பிடுங்குவதும்தான் தவறு.

இனி குட்டிகள். நான்கைந்து வாரத்துக் குட்டிக்கு உலகத்தை அறியும் கை, வாய்தான். செருப்பு, கல், உதிர்ந்த இலை, துணி என எதைக் கண்டாலும் கவ்விப் பார்க்கும். மலமும் அந்த வரிசையில் ஒன்று. பிறந்தது முதல் தன்னை நக்கி வளர்த்த தாயின் வாயில் அந்த மணம் இருந்ததால், அது குட்டிக்கு அந்நியமான மணமே அல்ல. மேலும், புதிதாகத் திட உணவுக்கு மாறிய குட்டியின் குடல் எல்லாவற்றையும் செரித்துவிடாது; செரிக்காத சோறும் இறைச்சியும் மலத்தில் மீந்திருக்க, குட்டியின் மூக்கு அதை உணவாகவே அறிகிறது. யானைக் கன்று தாயின் சாணத்தைத் தின்பதும் குதிரைக் குட்டி அவ்வாறே செய்வதும், தாவரங்களைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்களைக் குடலில் குடியேற்ற உதவுகின்றன. முயல் தன் மென்மையான முதற்கழிவை மறுபடி உண்ணாவிட்டால் அதற்குச் சத்துக் குறைபாடே ஏற்படும். நாய்க்குட்டிக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அது பெரும்பாலும் ஆராய்ச்சிக் குணத்தால் தின்கிறது. பெரும்பாலான குட்டிகள் வளர வளர மறந்துவிடுகின்றன.

சிறிய கூண்டில் பல குட்டிகளை அடைத்து வைக்கும் இடங்களில் இது வேறு மாதிரி முற்றுகிறது. விலகிச் செல்ல இடமில்லாத குட்டி தன் படுக்கையைத் தானே தூய்மை செய்ய முயல்கிறது; செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அதுவே பழக்கமாகிறது. வீட்டுக்குள் மலம் கழித்ததற்காக அடித்து, அதில் மூக்கைத் தேய்க்கும் கொடுமையான வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. குட்டி அதிலிருந்து வெளியே போகக் கற்றுக்கொள்வதில்லை; மனிதர் பார்ப்பதற்குள் தடயத்தை விழுங்கிவிடவே சில குட்டிகள் கற்றுக்கொள்கின்றன.

தாயின் விஷயத்தில் நாம் விலகி நிற்கலாம். குட்டியின் விஷயத்தில் விலகி நிற்கக் கூடாது. தன் கூடப்பிறந்தவற்றின் புது மலத்தை விட, தெருவில் கிடக்கும் அறியாத நாயின் பழைய மலமே ஆபத்தானது. பார்வோ வைரஸ் மலத்தின் வழியாகவே பரவுகிறது. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கிறது. தடுப்பூசி முடியாத குட்டியைச் சில நாட்களில் கொன்றுவிடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, புழு முட்டையைப் போலக் காத்திராமல், வெளிவந்த உடனேயே தொற்றும். ஆகவே 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி 16 வாரம் வரை தவணை முறையில் போடும் தடுப்பூசிகள் முடியும்வரை, குட்டியை வெளிநாய்கள் மலம் கழிக்கும் இடங்களில் இறக்கிவிடாதிருப்பது நல்லது.

பெரிய நாயும் தின்கிறதே என்று கேட்பவர்களுக்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை நடத்தையியல் அறிஞர் பெஞ்சமின் ஹார்ட்டும் அவர் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு பயனுள்ளது. நாய் வளர்ப்போரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், ஏறத்தாழ 16 விழுக்காட்டு நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை என்று தெரியவந்தது. அவற்றுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இரண்டு நாளுக்கு உட்பட்ட மலத்தையே தின்றன. எந்த உணவு கொடுக்கப்பட்டது என்பதற்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை. உணவை அவசர அவசரமாக விழுங்கும் நாய்களிடம் இது கூடுதலாக இருந்தது. ஓநாய்க் கூட்டத்தில் நோயுற்ற ஒன்று வளைக்கு அருகில் மலம் கழித்துவிட்டால், புழு முட்டைகள் முதிர்வதற்குள் அதை அகற்றிவிடும் இயல்பின் மிச்சமே இது என்பது அவர்களின் கருதுகோள். மாடிப்படிக்கு அடியில் நான் கண்ட நாள் கணக்கே இங்கும் திரும்ப வருவதால், எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் 11 தயாரிப்புகளைப் பற்றியும் அவர்கள் கேட்டார்கள். பயன் கிடைத்தது என்று சொன்னவர்கள் 2 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பொடி வாங்கப் பணம் செலவழிக்கும் முன் இதை நினைவில் கொள்ளலாம்.

ஆனால் இதுவரை தின்னாத நாய் திடீரென்று தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நன்றாகத் தின்றும் உடல் இளைத்து, மலம் வெளிறி எண்ணெய்ப் பசையோடு ஏராளமாக வெளியேறினால், கணையம் செரிமான நீரைச் சுரக்காத நோயாக இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் இது பரம்பரையாக வருவதுண்டு. நீரிழிவும், ஸ்டீராய்டு மருந்துகளும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டாலும் அடங்காப் பசியை உண்டாக்கும். கிராமப்புறங்களில் மாட்டுச் சாணத்தைத் தின்னும் நாய்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: ஐவர்மெக்டின் போடப்பட்ட கால்நடையின் சாணத்தில் அம்மருந்தின் எச்சம் இருக்கும், கோலி (collie) போன்ற சில நாய் இனங்களின் மூளையை அது தாக்கக்கூடும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், குட்டிகளைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும், பாலூட்டும் தாய்நாயை முகத்தில் நக்க விடாதிருப்பதையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். முற்றத்து மண்ணில் விழும் மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் முட்டைகள் முதிர அவகாசமே கிடைக்காது.

குட்டியைப் பொறுத்தவரை எங்களுக்குப் பலன் தந்தது ஒன்றுதான். உண்டு முடித்த கால் மணி நேரத்திற்குள் அது பெரும்பாலும் மலம் கழிக்கும் என்பதால், அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்தபடி உடன் நிற்போம். கழித்து முடித்து அது திரும்பிப் பார்க்கும் முன்பே பெயர் சொல்லி அழைத்து, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுப்போம். அது மெல்லும் நேரத்தில் இன்னொருவர் மலத்தை அள்ளிவிடுவார். கத்துவதில்லை, துரத்துவதில்லை, துரத்தினால் அதை விளையாட்டென்று எண்ணி இன்னும் வேகமாக விழுங்கும். ஐந்தில் நான்கு குட்டிகள் வேறு வீடுகளுக்குப் போயின. எங்களோடு தங்கிவிட்ட அந்தச் செம்பழுப்புக் குட்டி மூன்று வாரங்களில் இந்த ஒழுங்கைப் பழகிக்கொண்டது. இப்போது அதற்கு இரண்டு வயது; மணலில் குந்தி எழுந்ததும், கீழே ஒருமுறைகூட முகராமல், நேராக என் கையைத்தான் பார்க்கிறது.